நூற்றிருபது அடி

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில்: தத்தெடுத்த குடும்பங்களுக்கும், பிறர் பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்க்கும் குடும்பங்களுக்கும், அவ்வீடுகளை நம்பி வந்து சேரும் இளையோருக்கும் பொற்காலம் பிறந்துவிட்டது. அவர்களை ஆதரிப்பதற்கென்றே 'வளர்ப்புக் குடும்பத் தோள்கொடுப்புத் துறை' என்று ஒரு துறை உண்டாக்கப்பட்டு, அதற்கு ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றும், கட்டடத்துக்கு ஒரு லிஃப்டும், லிஃப்டுக்கு ஒரு பூட்டும், பூட்டுக்கு ஒரு பொறுப்பாளரும் ஏற்பாடாகிவிட்டன. இனி எந்த வளர்ப்புக் குடும்பமும் தானாகக் கஷ்டப்பட வேண்டியதில்லை. அதற்குத்தான் துறை இருக்கிறது.

இந்த அறிவிப்பு ஒட்டியிருந்த சுவருக்கு எதிரே, மரப் பெஞ்சில், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஒரு டைல்ஸ்காரர் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக ஊரார் வீட்டுத் தரைகளில் மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டியவர். முழங்கால் இரண்டும் காய்த்துப் போயிருந்தன. அவருக்குத் தெரிந்த உலகம் தரையில் தொடங்கித் தரையில் முடிவது; அதையும் அவர் அடிக் கணக்கில்தான் பார்ப்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட, "கூடம் நானூறு அடி இருக்கும்போல" என்றுதான் முதல் வார்த்தை பேசினார் என்று அவர் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவார்.

மனைவி ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் பிரிவில் நர்ஸ். ஊரே அவரை சிஸ்டர் என்று கூப்பிடும். கோபம் இல்லாத நாட்களில் கணவரும் அப்படியே கூப்பிடுவார்.

இவர்களுக்கு நடுவில் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவள் பதினைந்து வயதுப் பெண். பத்து மாதத்துக்கு முன்னால் துறை கொண்டுவந்து விட்டபோது, "உன்னை எப்படிம்மா கூப்பிடறது?" என்று டைல்ஸ்காரர் கேட்டார்.

"எட்டுன்னு கூப்பிடுங்க. போன வீட்டுல ஏழு. அதுக்கு முன்னாடி ஆறு. ஃபைல் மேல அப்படித்தான் போட்டிருக்காங்க."

"நான் என்ன வேலை பார்க்கிறேன் தெரியுமா?"

"தெரியும். டைல்ஸு."

அன்றிலிருந்து அவர் அவளுக்கு டைல்ஸு. அவள் அவருக்கு எட்டு.

எட்டு தன் பையைப் பிரிக்கவே இல்லை. கதவோரம் ஜிப் போட்டபடியே அது இருக்கும். காலையில் பிரஷ்ஷை எடுத்துப் பல் தேய்ப்பாள், உதறுவாள், திரும்பப் பையில் வைத்து ஜிப்பை மூடுவாள். அவளுக்கென்று டைல்ஸ்காரர் கூடத்தைத் தடுத்துச் சுவர் எழுப்பி ஓர் அறை கட்டியிருந்தார். தரை மட்டும் வெறும் சிமெண்டாகவே கிடந்தது. என்ன கலர் டைல்ஸ் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்துவிட்டது.

"எதுக்கு? நான் போனப்புறம் வர்றவளுக்கு அந்தக் கலர் பிடிக்கலைன்னா? மறுபடி உடைச்சுக்கிட்டு கெடப்பீங்க" என்பாள் எட்டு.

அவள் போகாமல் இருக்க ஒரே வழி, நிரந்தர ஆணை. அதைத் தருவது படிவம் பதினான்கு. ஆணை கிடைக்காவிட்டால், எட்டு வீடுகளிலும் நிற்காத பிள்ளை என்று முத்திரை குத்தி, மூடிய விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த விடுதியின் வாசற்கதவில் உள்பக்கம் கைப்பிடி கிடையாது. இது எட்டுக்குத் தெரியும். அவளே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான்.

படிவத்தில் முப்பத்தொன்றாவது கேள்வி இப்படி இருந்தது: 'பிள்ளைக்கு வீட்டில் எத்தனை அடி தரப்படுகிறது?'

டைல்ஸ்காரரின் முகம் மலர்ந்தது. பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்ட மாணவனைப் போல எச்சில் தொட்டு எழுதினார்: 'நூற்றிருபது.'

"சதுர அடின்னு போடுங்க" என்றார் சிஸ்டர்.

"அடின்னா அடிதான். முப்பது வருஷத்துல எந்த மேஸ்திரியாவது என்கிட்ட சதுரம்னு சொல்லியிருக்கானா?"

"அளந்தீங்களா?"

"என் கண்ணே டேப்பு."

அடுத்த கேள்வி: 'தருபவர் யார்?' டைல்ஸ்காரர், 'நானே, என் கையால், வேலை முடிந்து வந்து' என்று எழுதினார். 'போதுமானதா?' என்றதற்கு, 'பிள்ளை வளர வளர இன்னும் கொடுக்க உத்தேசம். பால்கனியில் வைத்தும் கொடுக்கலாம்' என்று பெருந்தன்மையாக எழுதினார். 'பிள்ளையின் கருத்து, பிள்ளையின் கையெழுத்தில்' என்ற இடத்தில் எட்டு தன் குண்டு எழுத்தில் எழுதினாள்: 'போன வீட்டில் நாற்பதுதான். அதையும் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இங்கே தாராளமாகக் கிடைக்கிறது.'

படிவம் ஜன்னலுக்குள் போயிற்று. ஜன்னல் மூடிக்கொண்டது.

*

துறையின் இரண்டாம் மாடியில் வன்முறைத் தடுப்புப் பிரிவு இருந்தது. அதில் ஒரு தடுப்பு அதிகாரியும், பயிற்சி பெற்ற நான்கு ஆட்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தடுப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் இரண்டு வருஷமாக ஒருவரையொருவர் தடுத்துக்கொண்டு பொழுதைப் போக்கினார்கள். படிவம் பதினான்கு அவர்கள் மேஜைக்கு வந்தபோது தடுப்பு அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை எழுந்து நின்று படித்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து பேரும் டைல்ஸ்காரர் வீட்டு வாசலில் நின்றார்கள். கதவு விரியத் திறந்திருந்தது. எட்டு உள்ளே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

தடுப்பு அதிகாரி கையேட்டைப் புரட்டினார். 'கதவை உடைத்து உள்ளே நுழைக' என்று அதில் தெளிவாக இருந்தது.

"பாப்பா, கொஞ்சம் கதவைச் சாத்தும்மா."

எட்டு சாத்தினாள்.

"தாழ்ப்பாளும் போட்டுடு."

போட்டாள். நான்கு ஆட்களும் துறையின் பெயருக்கேற்பத் தோள் கொடுத்தார்கள். முதல் இடியில் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. இரண்டாவதில் ஓர் ஆளின் தோள் மூட்டிலிருந்து இறங்கியது. மூன்றாவதில் கதவு நிலையோடு பெயர்ந்து, யாரோ தட்டுகிறார்களே என்று திறக்க வந்த டைல்ஸ்காரர் மேல் விழுந்தது. ஐவரும் கதவின் மேலேறி, அதாவது அவர் மேலேறி, உள்ளே வந்தார்கள்.

"ஆள் எங்க?" என்றார் தடுப்பு அதிகாரி.

"நீங்க நிக்கிற இடத்துக்குக் கீழ" என்றாள் எட்டு.

கதவைப் புரட்டி அவரை வெளியே எடுத்தார்கள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. தடுப்பு அதிகாரி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாய்த்தார்.

"நூத்தி இருபது அடி குடுத்தியாமே, உண்மையா?"

"ஆமா சார்" என்றார் டைல்ஸ்காரர், ரத்தத்தைத் துடைத்தபடி. ஒரு நல்ல காரியத்தைப் பற்றி விசாரிக்கிறார்களே என்று அந்த நிலையிலும் அவருக்குச் சின்னப் பெருமை.

"ஒரு பொம்பளப் புள்ளைக்கு?"

"பொம்பளப் புள்ளைக்குத்தான் சார் கூட வேணும்."

பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"மனசாட்சி இருக்காய்யா உனக்கு?"

"இருக்கறதை வச்சுத்தானே சார் குடுக்க முடியும்? கூடத்துல எனக்கும் சிஸ்டருக்கும் அவ்வளவு இல்லை. எங்களுக்கு எம்பது போதும்னு விட்டுட்டோம்."

"பொண்டாட்டிக்கும் எம்பதா!" தடுப்பு அதிகாரி ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "எழுதிக்கோ. பால்கனின்னு போட்டிருக்கியே, அது என்ன கணக்கு?"

"அங்கயும் குடுக்கலாம் சார். ஆனா மத்தியானம் வெயில் அடிக்கும், மழை வந்தா சாரல் அடிக்கும்..."

"இவன் அடிக்கிறது பத்தாதுன்னு அதுங்களும் அடிக்குமா?" இன்னொரு கன்னத்திலும் விழுந்தது.

எட்டுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. நகவெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்: "சார்! அது சதுர அடி! சதுரம்!"

ஐவரும் உறைந்து போனார்கள்.

"சதுரமா வேற அடிச்சிருக்கானா?" என்றார் தடுப்பு அதிகாரி மெல்லிய குரலில். "எதால அடிச்சா சதுரமா விழும்? தேடுங்கடா!"

தேடினார்கள். ஷோகேஸைக் கவிழ்த்தார்கள், கண்ணாடி சிதறிற்று. மெத்தையைக் கிழித்தார்கள், பஞ்சு பறந்தது. அலமாரிக்கு அடியில் டைல்ஸ்காரரின் சாமான் பை கிடைத்தது. அதிலிருந்து ஒரு ரப்பர் சுத்தியலும், ஓரடிக்கு ஓரடி அளவில் நாலைந்து சாம்பல் நிற டைல்ஸும் வெளியே வந்தன.

"ரப்பர்ல செஞ்சு வச்சிருக்கான் சார். தழும்பு விழாம இருக்க" என்றான் ஓர் ஆள்.

"இதோ சதுரமும் இருக்கு சார்" என்றான் இன்னொருவன். அது எப்படி வலிக்கும் என்று அறிக்கையில் எழுத வேண்டுமே என்பதற்காக ஒரு டைல்ஸை எடுத்து டைல்ஸ்காரரின் தலையில் போட்டுப் பார்த்தான். டைல்ஸ் உடைந்தது. 'வலிக்கும்' என்று எழுதிக்கொண்டான்.

இரவு ஷிஃப்ட் முடிந்து சிஸ்டர் வந்து, வாசல் இருந்த இடத்தில் நின்றார். தரையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார்.

"ஆஸ்பத்திரில இன்னைக்குக் கூட்டமே இல்லையேன்னு நினைச்சேன். எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா? என்னங்க, தலையைக் காட்டுங்க. நாலு தையல். நீ யாருப்பா, தோளைத் தொங்க விட்டுக்கிட்டு? இப்படி வா."

தோள் இறங்கிய ஆளைச் சுவரோடு சாய்த்து, கையை ஒரு திருகு திருகினார். 'டக்'கென்று மூட்டு ஏறியது. அந்த ஆள், "அம்மா!" என்று அலறிவிட்டான்.

தடுப்பு அதிகாரி அதையும் விடவில்லை. அறிக்கையின் கடைசி வரி இப்படி முடிந்தது: 'மேற்படி வீட்டில் உறவுமுறை சீர்கெட்டுக் கிடக்கிறது. வளர்ப்புத் தாயைப் பிள்ளை சிஸ்டர் என்று அழைக்கிறது. துறை ஊழியர் அம்மா என்று அழைக்கிறார்.'

திங்கட்கிழமை விசாரணை என்று ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போகும்போது வாசலில் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டார்கள். மற்றவர் வீட்டில் மரியாதையாக நடந்துகொள்வது பற்றிக் கையேட்டில் தனி அத்தியாயமே உண்டு.

*

இயக்குநரின் அறை ஐந்தாம் மாடியில் இருந்தது. லிஃப்டுப் பூட்டின் பொறுப்பாளர் லீவில் இருந்ததால் மூவரும் படியேறியே போனார்கள். அறைக் கதவிலிருந்து இயக்குநரின் மேஜைக்குப் போய்ச் சேருவதற்குள் சிஸ்டருக்கு மறுபடி மூச்சு வாங்கியது. டைல்ஸ்காரர் மட்டும், வீங்கிய கண்ணால் பழக்க தோஷத்தில் தரையைப் பார்த்து, "இத்தாலி மார்பிள். மட்டம் சரியில்லை" என்றார்.

இயக்குநர் எழுந்து பேசினார். உட்கார்ந்து பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

"வளர்ப்புப் பெற்றோர்களே, என்னைப் பொறுத்தவரைக்கும் குடும்பம்தான் எல்லாம். அதனாலதான் எனக்குக் குடும்பத்தைப் பார்க்க நேரம் இல்லை. இந்த ஒன்பது வருஷத்துல நான் முப்பதாயிரம் பிள்ளைகளுக்குத் தோள் குடுத்திருக்கேன். ஒரு பிள்ளை முகமாவது எனக்கு ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. கிடையாது! பாரபட்சம் பார்க்கிறவன் இல்லை நான். பிள்ளைங்க பூ மாதிரி. பூவை ஃபைலுக்குள்ள வச்சு அழுத்தினா எத்தனை வருஷமானாலும் கெடாது. அதைத்தான் இந்தத் துறை செய்யுது."

கடைநிலை ஊழியர் கைதட்டினார். அவர் இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் நிற்கிற பியூன். இதுவரை வந்த எந்த உத்தரவையும் நிறைவேற்றாமல் விட்டதில்லை என்பது அவருக்கு ஒரு கௌரவம்.

முதலில் எழுந்தவர் மூன்றாம் மாடி இடவசதிப் பிரிவு அதிகாரி. அவர் கண்ணில் நீர் தளும்பியது.

"சார், விதி ஒன்பது என்ன சொல்லுது? பிள்ளை ஒண்ணுக்கு எண்பது அடிக்குக் குறையாம தரணும். ஊர்ல எவன் தர்றான்? இவரு நூத்தி இருபது தர்றாரு! இவருக்குப் பொன்னாடை போர்த்தணும் சார்."

"எண்பது அடிக்குக் குறையாமலா?" என்று தடுப்பு அதிகாரி துள்ளி எழுந்தார். "இந்தக் கட்டடத்துல, என் மாடிக்கு மேல் மாடியிலயே இப்படி ஒரு விதி இருக்கா? ஒரு அடிகூடக் கூடாதுன்னு நான் ஊர் ஊரா போர்டு வச்சிட்டு வர்றேன்!"

"ஒரு அடிகூடக் குடுக்கலைன்னா பிள்ளை எங்கய்யா படுக்கும்?"

"அடிச்சுப் படுக்க வைக்கணுமா?"

"ஐயோ, சார், ரெண்டு பேரும் சொல்றது..." என்று குறுக்கே போன டைல்ஸ்காரரின் வலது காதில் ஒருவருடைய கையும், இடது காதில் மற்றவருடைய விதிப்புத்தகமும் விழுந்தன. தடுப்பு அதிகாரி கனமான பேப்பர் வெயிட்டை எடுத்து எறிந்தார். இடவசதி அதிகாரியின் முன்பல் ஒன்று மார்பிள் தரையில் குதித்துக் குதித்து ஓடி, மட்டம் சரியில்லாத மூலையில் போய் நின்றது. அவர் கோப்பில் ஓட்டை போடும் இரும்பு மிஷினால் தடுப்பு அதிகாரியின் காது மடலில் இரண்டு ஓட்டை, விதிப்படி சம இடைவெளியில், போட்டார். இருவரும் கட்டிப் புரண்டார்கள். சிஸ்டர் பையிலிருந்து பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு, முடியட்டும் என்று காத்திருந்தார்.

"சார், அது சதுர அடி. இடத்தைச் சொல்லியிருக்காரு" என்றாள் எட்டு, இயக்குநரிடம் நேராக.

இயக்குநர் படிவத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. புரிந்த விஷயத்தை ஒப்புக்கொள்வது வேறு சமாசாரம்.

"சதுரம்னு இதுல எங்கம்மா இருக்கு? படிவத்துல இல்லாத வார்த்தையை நாம இங்க பேசக்கூடாது. திருத்தணும்னா படிவம் பதினஞ்சு போடணும். வர ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீ மூடிய விடுதியில இருக்கணும். எப்படி வசதி?"

எட்டு தோளில் மாட்டியிருந்த பையின் வாரை இறுக்கிக்கொண்டாள். கிளம்பும்போதே அதைக் கொண்டுவந்திருந்தாள்.

"வேற வழியே இல்லீங்களா?" என்றார் டைல்ஸ்காரர்.

"இருக்கு. நான் யாரையும் மனசு நோகடிக்கிற ஆளு இல்லை. ஒரு பிரிவு எண்பதுங்குது, ஒரு பிரிவு பூஜ்யம்ங்குது. ரெண்டுக்கும் நடுவுல நாற்பது. நாற்பது அடி இங்கயே, என் முன்னாடியே குடுத்து, குடுத்தாச்சுன்னு பதிவு பண்ணிட்டா கோப்பு முடிஞ்சுது. ஆணையில கையெழுத்துப் போட்டுடறேன்."

"பிள்ளைக்கா?" என்றார் சிஸ்டர். பஞ்சைப் பைக்குள் வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"அம்மா, பதற்றப்படாதீங்க. பிள்ளை சார்பா காப்பாளர் பெற்றுக்கொள்ளலாம்னு விதி இருக்கு. நாங்க என்ன மிருகமா?"

டைல்ஸ்காரர் சட்டையைக் கழற்றி, மடித்து, சிஸ்டர் கையில் கொடுத்தார். இடுப்பிலிருந்த டேப்பை நாற்காலி மேல் வைத்தார். மண்டியிட்டார். அது அவருக்குப் பழகிய நிலைதான்.

பியூன் ஸ்டோருக்குப் போய், அடிக்கு அலுவலகம் அங்கீகரித்திருந்த கருவியை எடுத்து வந்தார். பன்னிரண்டு அங்குலமும் கோடு போட்ட மர அடிஸ்கேல்.

"மன்னிச்சுக்கங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஓங்கினார். "ஒண்ணு."

ஆறாவது அடியில் ஸ்கேல் முறிந்தது. இரும்பு ஸ்கேல் வந்தது. பதினொன்றில் முதுகுத் தோல் கிழிந்தது. பதினேழில் டெலிபோன் அடித்தது. பியூன் போய் எடுத்து, "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டு வந்தார்.

"எத்தனையில விட்டேன்?"

பியூன் கூரையைப் பார்த்து யோசித்தார், பிடிபடவில்லை.

"கணக்குத் தப்பாயிட்டா என் வேலை போயிடும் தம்பி. மொதல்லேருந்து ஆரம்பிச்சுடலாம். ஒண்ணு."

டைல்ஸ்காரர் ஒவ்வோர் அடிக்கும் மார்பிளில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். இரும்பு ஸ்கேல் வளைந்து போய், நாற்காலிக் கால் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். இருபத்திரண்டில் இடது தோள் இறங்கிக் கை தொளதொளவென்று தொங்கியது. அவர் வலது கையை மட்டும் ஊன்றிக்கொண்டார். ரத்தம் மட்டம் சரியில்லாத மூலையைத் தேடி ஓடியது.

எட்டு பார்த்துக்கொண்டே நின்றாள். ஏழு வீட்டில் அவள் அடி வாங்கியிருக்கிறாள். அவளுக்காக இன்னொருவர் வாங்குவதை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறாள். எங்கே பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்காலி மேலிருந்த டேப்பை எடுத்து வைத்துக்கொண்டாள்.

இருபத்தாறாவது விழுந்தபோது இயக்குநரின் மேஜைக்குப் போனாள்.

"சார், உங்க ரூம் ரொம்பப் பெருசா இருக்கே. உங்களுக்கு எத்தனை அடி குடுத்திருக்காங்க?"

இயக்குநருக்குத் தன் அறையைப் பற்றி யார் கேட்டாலும் பிடிக்கும்.

"எனக்கா? அறுநூறு! எனக்கு முன்னாடி இருந்தவருக்கு ஐந்நூறுதான். என் தகுதிக்கு அது பத்தாதுன்னு நான் மேலிடம் வரைக்கும் போய் முட்டி மோதி அறுநூறா வாங்கினேன்."

"எழுத்துல இருக்கா சார்?"

"பின்னால பாரு. ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன்."

எட்டு உரக்கப் படித்தாள்: "'இயக்குநர் அவர்களுக்கு அவரது அறையில் அறுநூறு அடி வழங்குமாறு ஆணையிடப்படுகிறது. கடைநிலை ஊழியர் இதனை உறுதி செய்ய வேண்டும்.'"

பியூனின் கையிலிருந்த நாற்காலிக் கால் அந்தரத்தில் நின்றது.

"ஐயா, இது ஒன்பது வருஷமா நிலுவையில கெடக்குதா?" என்றார். "என் பேர் போட்டு வந்த ஆணையை இத்தனை நாளா நான் பார்க்கவே இல்லையே!"

"யோவ், அது சதுர அடிய்யா!"

"சதுரம்னு அதுல எங்க சார் இருக்கு?" என்றாள் எட்டு.

தரையில் கிடந்த இரண்டு அதிகாரிகளும் எழுந்தார்கள். ஆணையை உற்றுப் பார்த்தார்கள். துறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு பிரிவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அப்போதுதான்.

"அனுமதிச்ச அளவைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை சார்" என்றார் பல் போனவர்.

"ஆணையோட வர்றது வன்முறையில சேராது சார்" என்றார் காது ஓட்டையானவர்.

ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். மார்பிளில் இயக்குநரின் நெற்றி மோதிய சத்தம் நாலாம் மாடி வரை கேட்டது. பியூன், "மன்னிச்சுக்கங்க ஐயா" என்றார். "ஒண்ணு."

தம்பிக்குக் கொடுத்ததைவிட ஐயாவுக்குக் கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. இருபத்திரண்டு வருஷ மரியாதை அதில் இருந்தது. எட்டாவதில் கண்ணாடி நொறுங்கியது. பதினைந்தில் இயக்குநர், "குடும்பம்..." என்று ஏதோ பேச ஆரம்பித்தார். இருபதில் விட்டுவிட்டார். முப்பத்தொன்றில், "சதுரம்! சதுரம்!" என்று கதறினார்.

"படிவத்துல இல்லாத வார்த்தை சார்" என்று ஞாபகப்படுத்தினார் தடுப்பு அதிகாரி.

எட்டு குனிந்து அவர் மூக்குக்கு முன்னால் ஒரு தாளை வைத்தாள். "மிச்சம் ஐந்நூத்தி அறுபத்தொன்பது வேண்டாம்னா, எழுத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா போதுமாம் சார்."

"யாரு சொன்னது?"

"முப்பத்திரண்டு" என்றார் பியூன்.

இயக்குநர் கையெழுத்துப் போட்டார். அது படிவம் பதினான்கின் கடைசிப் பக்கம். கையெழுத்தைக் கண்டதும் பியூன், இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில், நாற்காலிக் காலைக் கீழே வைத்துவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார். துறையின் வரலாற்றில் ஒரே நாளில் முடிந்த முதல் கோப்பு அது.

"தம்பிக்கு இன்னும் பதினாலு இருக்கே?" என்றார் பியூன்.

"முதல்ல ஒரு பதினேழு வாங்கினாரே, அதுல கழிச்சுக்கங்க" என்றாள் எட்டு.

பியூன் விரல் விட்டு எண்ணினார். அவர் முகம் வாடிப்போயிற்று. "அப்ப மூணு அடி கூடுதலா குடுத்துட்டேனே!"

"இருக்கட்டும், வச்சுக்கறோம்" என்றார் சிஸ்டர்.

*

வீட்டில் கதவு இருந்த இடத்தில் ஒரு போர்வை தொங்கியது. சிஸ்டர் கணவரின் தோளை ஏற்றிக் கட்டுப் போட்டு, முதுகுக்கு மருந்து தடவி முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. எட்டு பையைத் திறந்து பிரஷ்ஷை எடுத்தாள். சுற்றிலும் தேடி, உடையாமல் தப்பிய ஒரு டம்ளரில் போட்டு அலமாரியில் வைத்தாள்.

"டைல்ஸு, சாம்பல் கலர் வேண்டாம். மஞ்சள் இருக்கா?"

டைல்ஸ்காரர் பென்சிலைத் தேடிக் காதைத் தடவினார். "இருக்கு. நாளைக்கே சொல்லிடறேன். நூத்தி இருபது அடிக்கு..."

"அளந்துட்டுச் சொல்லுங்க."

"என் கண்ணே..."

"கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. இந்த முனையைப் பிடிங்க."

அவர் நல்ல கையால் டேப்பின் முனையைச் சுவரோரம் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எட்டு இழுத்துக்கொண்டு போனாள். நீளம் சரியாகப் பன்னிரண்டு. அகலம் ஒன்பதே முக்கால்.

அறை நூற்றுப் பதினேழு அடிதான் இருந்தது.